படகில் கிடந்த நீளமுடி

அத்தியாயம் 3

விக்னேஷ் அந்தச் சின்ன பிளாஸ்டிக் பையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். உள்ளே ஒரே ஒரு முடி. அதைச் சுருட்டி வைத்தால் ஒரு குருவிக் குடும்பம் வாடகை கொடுக்காமல் குடியிருக்கலாம். அவ்வளவு நீளம்.

“இதை வச்சுப் படகையே கட்டிப் போடலாம் மேடம்” என்றான்.

துப்பறியும் ஆனந்தவல்லி அவனை ஒரு பார்வை பார்த்தார். ஆஸ்பத்திரி வார்டில் இருபது வருஷம் நர்ஸாக இருந்தவர். ஊசிக்குப் பயந்து ஓடுகிறவர்களைப் பார்வையாலேயே படுக்க வைத்துப் பழகியவர். ஓய்வு பெற்றதும் ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவில், ஒரு ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடைக்கு மேலே இந்த அலுவலகத்தைத் திறந்தார். ஐ.டி. வேலை போன விக்னேஷ் உதவியாளனாக வந்து ஒட்டிக்கொண்டான். சிப்ஸ் பொரிகிற வாசனையில் எவனாலும் விரதம் இருக்க முடியாது என்பது மட்டும்தான் இதுவரை அவன் சொந்தமாகக் கண்டுபிடித்த உண்மை.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சரோஜாதேவி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார். மவுண்ட் ஆல்பர்ட்டிலிருந்து டாக்ஸியில் வந்திருந்தார். காலடியில் ஒரு சூட்கேஸ்.

“தம்பி, பகிடி விடாதேங்கோ. இண்டைக்குப் பின்னேரம் எனக்கு மெல்பேர்ண் ஃப்ளைட். மகள் கம்சாயினியிட்டைப் போறன். அதுக்கு முன்னம் எனக்குப் பதில் வேணும். அந்தப் படகிலை ஒருத்தி இருக்கிறாள் எண்டால் நான் திரும்பி வரமாட்டன். இல்லையெண்டால்...”

விக்னேஷ் பையை மெதுவாக மேஜையில் வைத்தான்.

விஷயம் இதுதான். சரோஜாதேவியின் கணவர் நவரத்தினம் ஆய்வுக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு பாய்மரப் படகு வாங்கினார். அன்றிலிருந்து மனிதர் வீட்டில் தங்குவதில்லை. கரையோரமாகவே ஊர் ஊராகப் போகிறார். ரஸ்ஸல், மங்கோனுயி, விட்டியாங்கா என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் வாட்ஸ்அப்பில் படம் வரும். எல்லாப் படத்திலும் படகின் சுக்கானைப் பிடித்தபடி கறுப்புக் கண்ணாடியோடு நிற்பார். போன வாரம் சரோஜாதேவி படகைப் பெருக்கப் போனபோது மெத்தையில் இந்த முடி கிடந்தது. முந்தாநாள் நவரத்தினம் மறுபடியும் கடலுக்குப் போய்விட்டார்.

“போனமுறை இவர் திரும்பி வந்தநேரம் நான் மரீனாவிலை ஆராத்தி எடுத்தனான்” என்று சரோஜாதேவி தன் போனை நீட்டினார். “கேப்டன் எண்டு எழுதிக் கேக்கும் வெட்டினனாங்கள். டொரொன்டோவிலை இருந்து தங்கச்சி வீடியோவிலை பார்த்தவ.”

படத்தில் நவரத்தினம் மாலை போட்டுக்கொண்டு நின்றார். முகத்தில் பல் பிடுங்கப் போகிறவரின் சந்தோஷம். பின்னால் அவருடைய வெள்ளை டொயோட்டா.

ஆனந்தவல்லி மனிதரைப் பார்க்கவில்லை. காரைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இந்தக் கார் எங்க நின்னுச்சு?”

“மரீனாவிலைதான். அவர் கடலிலை நிண்ட ரெண்டு கிழமையும்.”

“ரெண்டு வாரமும் நகரவே இல்லையா?”

“இல்லை. திறப்பு அவரோடைதானே” என்று சாவி திருகுவதுபோல் விரலை அசைத்துக் காட்டினார் சரோஜாதேவி.

“விக்கி, இந்த பம்பரைப் பார்.”

விக்னேஷ் பார்த்தான். பம்பர் முழுக்கச் செத்த பூச்சிகள். முன்கண்ணாடியிலும் மஞ்சள் மஞ்சளாகத் தெறித்திருந்தது. நெடுஞ்சாலையில் பல மணி நேரம் ஓடிய வண்டியின் முகம்.

“நின்ன வண்டி மேல இத்தனை பூச்சி வந்து மோதித் தற்கொலை பண்ணிக்குமா?” என்றார் ஆனந்தவல்லி.

“அப்ப மனுஷன் ரோட்டுல போயிருக்கார். ஆனா படகும்தான் அந்தந்த ஊர்ல நிக்குது, படம் இருக்கே! அதை யாரு ஓட்டினா?”

மூவரும் பிளாஸ்டிக் பையைப் பார்த்தார்கள்.

“அவள்தான்” என்றார் சரோஜாதேவி.

விக்னேஷால் அடக்க முடியவில்லை. “அவ படகுல, இவர் கார்ல. தனித்தனியாக் கிளம்பி ஒரே ஊருக்குப் போறாங்க. மேடம், பெட்ரோல் செலவை ஏத்திவிடுற கள்ளக்காதலை நான் இப்பத்தான் பார்க்கிறேன்.”

“வாயை மூடு. அம்மா, இதோ இன்னைக்குக் காலையில வந்த படம். கையில டீ டம்ளர். விளிம்பு வரைக்கும் டீ. பாய்மரம் விரிச்சு ஓடுற படகுல ஒரு சொட்டு சிந்தாம யாரால பிடிக்க முடியும்? நங்கூரம் போட்டு நிக்கிற படகுல ஏறி போஸ் கொடுத்திருக்கார். சரி, படகுல முடியைத் தவிர வேற என்ன வித்தியாசமாப் பார்த்தீங்க?”

சரோஜாதேவி தயங்கினார். பிறகு அணை உடைந்தது.

“மீன் இல்லை! என்ரை மனிசன் மீனில்லாமல் சோத்திலை கை வைக்கமாட்டார். ரெண்டு கிழமை கடலிலை நிண்ட மனிசன்ரை படகிலை ஒரு தூண்டில் இல்லை, ஒரு செதில் இல்லை. பருப்பும் புளியும்தான் இருக்கு. முப்பத்தைஞ்சு வருசமா நான் வெள்ளிக்கிழமையிலை கூட நிப்பாட்ட முடியாத மீனை அவள் நிப்பாட்டிப் போட்டாள். ஒரு பித்தளைச் செம்பு தனியா, துணி போட்டு மூடி வைச்சிருக்கு. படகெல்லாம் சந்தன வாசம். இது வேறை, அவள் தலைக்குப் பூசுற ஏதோ.”

கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்து வைத்தார். சோப்பு மாதிரி இருந்தது. விக்னேஷ் முகர்ந்தான். தேங்காய் வாசனை. அவன் முகம் மலர்ந்தது.

“இது தலைக்கு இல்ல ஆன்ட்டி. சர்ஃப் போர்டுல கால் வழுக்காம இருக்கத் தேய்க்கிற மெழுகு. என் ஃப்ளாட்ல ரிஷின்னு ஒருத்தன் இருக்கான். அவன் அலைமேல நின்னதை விட இதைத் தேய்ச்ச நேரம்தான் அதிகம்.”

“அலையிலை சறுக்குறவளோ?” சரோஜாதேவியின் குரல் உள்ளே போய்விட்டது. அதுவரை அவர் மனதில் இருந்த பெண்ணுக்குக் கோயிலுக்கு வருகிற யாருடைய முகமாவது இருந்திருக்கும். இப்போது அவள் திடீரென்று இளைத்து, உயர்ந்து, வெயிலில் பளபளக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆனந்தவல்லி மேஜை ஓரத்துப் பிள்ளையாரைப் பார்த்தார். உதடு லேசாக அசைந்தது. எந்த வழக்கிலும் ஒரு கட்டத்தில் இப்படி நடக்கும். விக்னேஷ் இதை ‘சர்வரோடு தொடர்பு’ என்று சொல்வான்.

“படகை இவ்வளவு சுத்தமா வச்சிருக்கிற ஆள் கெட்ட ஆளா இருக்க முடியாது” என்றார் கடைசியில்.

“நீங்கள் ஆருக்கு வேலை செய்யிறியள்?” என்றார் சரோஜாதேவி கோபமாக.

“உங்களுக்குத்தான். விக்கி, கார் போற ரோடு இருக்கணும். படகு ஒதுங்க மறைவான இடம் இருக்கணும். இன்னைக்கு அலையும் இருக்கணும். மூணும் சேர்ற இடம் எது?”

விக்னேஷ் போனில் தட்டினான். ஆக்லாந்தின் கிழக்குக் கரை பாதி நாள் தட்டில் ஊற்றிய ரசம் மாதிரி அசையாமல் கிடக்கும். இன்று வடகிழக்கிலிருந்து அலை வருகிறது என்று சர்ஃப் தளம் சொன்னது. “ஒமாஹா! ஒரு மணி நேரத்துல போயிடலாம்.”

“நானும் வாறன்” என்று சரோஜாதேவி எழுந்துவிட்டார்.

புறப்படும்போது ஆனந்தவல்லி அலமாரியிலிருந்து ஒரு பெரிய டவலையும் ஃப்ளாஸ்க்கையும் எடுத்தார்.

“யாருக்கு மேடம் டவல்?”

“கடல்ல இருந்து வர்றவங்களுக்கு. குளிருமே.”

“அவளுக்கோ?” சரோஜாதேவி படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்.

“யாரா இருந்தா என்னம்மா? துவட்டிட்டு அப்புறம் திட்டிக்கலாம்.”

*

பாலம் தாண்டி, சுரங்கப்பாதை தாண்டி, விக்னேஷின் பழைய கார் வடக்கே ஓடியது. பிள்ளையார் ஒரு எலியை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறார், நமக்கு இந்த வண்டி போதும் என்பது அவனுடைய கொள்கை. பின் சீட்டில் இருந்த சரோஜாதேவி மாட்டகானா கடைத்தெருவைத் தாண்டும்போது மட்டும் வாய் திறந்தார்.

“அவளுக்கு என்ன வயசிருக்கும்?”

“ஆன்ட்டி, யோகா டீச்சரா இருக்கலாம். வெஜிடேரியன், சந்தனம், செம்பு... பொன்சன்பி பக்கம் இப்படி நிறைய வெள்ளைக்காரிங்க...”

ஆனந்தவல்லி அவன் தொடையில் கிள்ளினார். கண்ணாடியில் பார்த்தான். அந்த அம்மாள் சேலைத் தலைப்பின் ஓரத்தை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். விக்னேஷுக்குத் தன் நாக்கின் மீது முதல்முறையாக வெறுப்பு வந்தது. மிச்ச தூரத்துக்கு அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தான்.

ஒமாஹாவில் கார் நிறுத்துமிடத்தின் கோடியில் வெள்ளை டொயோட்டா நின்றது. டிக்கி திறந்திருந்தது. அதன் நிழலில் ஒரு கேஸ் அடுப்பு. அடுப்பில் சாம்பார் கொதித்தது. ஏப்ரன் கட்டிய கேப்டன் நவரத்தினம் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்தார். மனைவியைப் பார்த்தார். கரண்டி மணலில் விழுந்தது.

“சரோ...”

“எங்கை அவள்?”

“எவள்?”

“பருப்பு அவிச்சுப் போடுறியளே, அவள்!”

நவரத்தினத்தின் கண்கள் தாமாகவே கடல் பக்கம் ஓடின. எல்லோரும் திரும்பினார்கள்.

தூரத்தில் விரிகுடாவின் மறைவான மூலையில் படகு பாய் சுருட்டி நின்றது. இங்கே, வெளிக்கடல் பக்கம் ஓர் அலை பச்சையாக எழும்பியது. அதன் தோளில் ஒரு மெல்லிய உருவம் ஏறி நின்றது. கறுப்பு ரப்பர் நீச்சலுடை. முழங்கால் மடக்கி, ஒரு கை முன்னே நீட்டி, அலை போட்ட கோட்டிலேயே வழுக்கிக்கொண்டு வந்தது. இடுப்புக்குக் கீழே வரை கறுத்த கூந்தல் காற்றில் பறந்தது.

“அடேங்கப்பா!” என்றான் விக்னேஷ். நாக்கு மறுபடியும் தப்பித்துவிட்டது.

சரோஜாதேவி செருப்பைக் கழற்றி எறிந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராகத் தண்ணீருக்குள் நடந்தார். நவரத்தினம் “நில்லு, நில்லு” என்று பின்னால் ஓடினார். முழங்காலளவு தண்ணீரில் சரோஜாதேவி நின்று கையை ஓங்கினார்.

“ஏய்! இஞ்சை வாடி!”

கூந்தல் திரும்பியது. கூந்தலுக்குள்ளிருந்து ஒரு தாடி வெளியே வந்தது.

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு இன்னொரு கையும் எழுந்து, இரண்டும் தாமாகவே ஒன்றுசேர்ந்தன.

“ஐயா!” என்றார் சரோஜாதேவி.

அது அவர்கள் கோயில் அர்ச்சகர் ஆரணன் குருக்கள். சரோஜாதேவி வெள்ளிக்கிழமை தவறாமல் கைகட்டி நிற்கிற அதே ஆரணன் குருக்கள்.

குருக்களும் பழக்கத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் திருநீறு எடுக்க இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனார். அங்கே ரப்பர்தான் இருந்தது. வெறுங்கையை உயர்த்தி, “நல்லா இருங்கோ” என்றார். அதற்குள் அவருடைய பலகை ஒரு சின்ன அலையில் ஏறி வந்து நவரத்தினத்தின் முழங்காலில் மோதியது.

*

ஆனந்தவல்லி டவலைப் போர்த்திவிட்டு, ஃப்ளாஸ்க்கிலிருந்து சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். குருக்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பல் தந்தியடித்தது. குளிரா பயமா என்று சொல்ல முடியாது.

“நான் இலங்கையிலை திருக்கோவில் எண்ட ஊர் ஆள் அம்மா. பக்கத்திலைதான் அலைச் சறுக்குக்குப் பேர்போன அறுகம்பே. சின்ன வயசிலை வெள்ளைக்காரர் விட்டிட்டுப் போன உடைஞ்ச பலகையிலை பழகினது. அங்கை அப்பா கண்டால் அடிப்பார். இங்கை கோயில் தலைவர் தியாகலிங்கம் கண்டால் வேலையாலை நிப்பாட்டிப் போடுவார். அதுதான் மௌன விரதம் எண்டு சொல்லி லீவு எடுத்தனான்.”

“பொய்யா சாமி?” என்றான் விக்னேஷ்.

“அலைக்குள்ளை ஆரோடை கதைக்கிறது தம்பி? மௌனம்தானே” என்றார் குருக்கள் பரிதாபமாக. “காலமைச் சந்தியாவந்தனமும் இடுப்பளவு தண்ணியிலை நிண்டுதான் செய்யிறன். கோயில் பாத்ரூமிலை செய்யிறதை விட நல்லா வருது.”

“சரி, ஐயாவுக்கு அலை வேணும். உங்களுக்கு என்ன வேணும்?” சரோஜாதேவி கணவர் பக்கம் திரும்பினார்.

நவரத்தினம் ஏப்ரன் முனையைப் பிசைந்தார். “படகு வாங்கினவுடனை ஐயாவைக் கூப்பிட்டுப் பூசை செய்தனான், ஞாபகமே? பூசை முடிய ஐயாவை ஒரு சுத்துக் கூட்டிக்கொண்டு போனன். துறை தாண்டினவுடனை வயித்தைப் பிரட்டிச் சத்தி. குடல் வெளியிலை வந்திட்டுது. ஐயாதான் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு படகைத் திருப்பிக் கொண்டுவந்தவர். பிறகும் எத்தனை தரம் ஏறிப் பார்த்தன். கட்டிப்போட்ட படகெண்டால் நிப்பன். அசைஞ்சால் சத்தி. அதுதான் ஐயா படகிலை, நான் காரிலை.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீ அதுக்குள்ளை எல்லாருக்கும் கேப்டன் எண்டு சொல்லிப்போட்டாய். டொரொன்டோ முழுக்கச் சொல்லிப்போட்டாய். கேக்கிலையும் எழுதிப்போட்டாய். ஆராத்தித் தட்டோடை நிக்கிற மனிசியிட்டை என்னண்டு போய்ச் சத்தி எண்டு சொல்லுறது? நீ சிரிச்சிருப்பாய்.”

“ஓம், சிரிச்சிருப்பன்.” சரோஜாதேவியின் கண் நிறைந்துவிட்டது. “வயிறு நோகச் சிரிச்சிருப்பன். சிரிச்சுப்போட்டுத் தேசிக்காய்த் தண்ணி கரைச்சுத் தந்திருப்பன். ஒரு முடியைப் பொத்தி வைச்சுக்கொண்டு ஒரு கிழமையா நித்திரை இல்லாமல் கிடந்திருக்கமாட்டன்.”

சாம்பார் மட்டும் கொதித்தது. ஆனந்தவல்லி குனிந்து அடுப்பைக் குறைத்தார்.

விக்னேஷ் அவர் பக்கத்தில் போய்க் குசுகுசுத்தான். “உங்களுக்கு ஆபீஸ்லயே தெரியும்தானே?”

“மூடி வச்ச செம்பைச் சொன்னதுமே சந்தேகம். தனிச் செம்பு, சந்தனம், பருப்பு. முடியை மட்டும் மறந்துட்டுப் பார், அது யாரோட சாமான்?”

“ஆனா இந்தம்மா வாராவாரம் அவரைப் பார்க்கிறாங்களே! அவ்வளவு முடி இருக்கிறது தெரியாதா?”

“எப்படிடா தெரியும்? அவர் முடிஞ்சு கொண்டை போட்டிருப்பார். நாம கண்ணை மூடிட்டு நிப்போம். சாமிக்கும் நமக்கும் நடுவுல நிக்கிற மனுஷனை யாரு பார்க்கிறா? அவருக்குக் குளிருமா, அவருக்கு என்ன பிடிக்கும்னு கேட்டவங்க யாரு?” ஆனந்தவல்லி தலையை ஆட்டிக்கொண்டார். “நானும் கேட்டதில்லை.”

சரோஜாதேவி முகத்தைத் துடைத்துக்கொண்டு குருக்களிடம் வந்தார். குருக்கள் டவலுக்குள் இன்னும் கொஞ்சம் சுருங்கினார்.

“ஐயா, தியாகலிங்கத்தாருக்கு என்ரை வாயாலை ஒரு சொல்லுப் போகாது. ஆனால் ஒண்டு கேக்கிறன். அடுத்தது எந்த ஊர்?”

“லீ எண்டு ஒரு சின்னத் துறை அம்மா. இந்த விரிகுடாவின்ரை அந்தப் பக்கம்தான். காத்து நல்லாயிருக்கு. சோறு சாப்பிட்டு வெளிக்கிடலாம் எண்டு...”

“நான் வாறன்.”

“சரோ, உனக்குச் சத்தி வரும்!” என்றார் நவரத்தினம்.

“வந்தால் எடுக்கிறன். எனக்கு ஒளிக்கத் தேவையில்லை. மகளிட்டைப் போற ஃப்ளைட்டைப் பிறகு பாப்பம்.”

சாப்பாடு ஆனதும் எல்லோருமாக, குருக்கள் கரைக்கு வந்திருந்த சின்ன ரப்பர் படகைக் கழிமுகத்தின் அமைதியான பக்கத்துக்கு இழுத்துப் போனார்கள். தலையை முடிந்துகொண்ட குருக்கள் துடுப்புப் போட்டார். சரோஜாதேவி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெரிய படகின் ஏணியில் அவர் ஏறிய விதத்தைப் பார்த்தால் மாட்டகானா பஸ்ஸில் ஏறுகிறவர் மாதிரி இருந்தது. சிறிது நேரத்தில் வெள்ளைப் பாய் மேலே ஏறியது. காற்று அதற்குள் புகுந்ததும் படகு ஒரு பக்கம் சாய்ந்து கிளம்பியது. ஒரு பெண் சிரிக்கிற சத்தம் தண்ணீர் மேல் மிதந்து வந்தது.

நவரத்தினம் மூக்கை உறிஞ்சினார். “ஒரு சொட்டுச் சத்தி எடுக்கேல்லைப் பாருங்கோ” என்றார், பெருமையா பொறாமையா என்று அவருக்கே தெரியாத குரலில். உடனே ஆனந்தவல்லி பக்கம் திரும்பினார், குரல் இறங்கிவிட்டது. “தங்கச்சி, இவள் லீயிலை இறங்கின உடனை மகளிட்டைப் போயிடுவாளோ? நான் பொய்தானே சொன்னனான். பெம்பிளை இல்லையெண்டாலும் பொய் பொய்தானே.”

பொய் பொய்தான் என்று ஆனந்தவல்லிக்கும் தெரியும். கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

படகு முனையைச் சுற்றித் திரும்புகிற இடத்தில் சரோஜாதேவி எழுந்து நின்றார். ஒரு கை சுக்கானில் இருந்தது. இன்னொரு கையை வாயருகே குவித்துக் கரையைப் பார்த்துக் கத்தினார்.

“இஞ்சேருங்கோ! வாற வழியிலை ஃப்ரோசன் தேங்காய்ப்பூ வாங்கிக்கொண்டு வாங்கோ! இரவைக்குப் புட்டு! போனமுறை மாதிரிக் காய்ஞ்சதை வாங்கிப்போடாதேங்கோ!”

நவரத்தினம் ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் காரை நோக்கி ஓடினார்.